உலகியல் வழக்கும் நாடக வழக்கும்: ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படத்தில் வ.உ.சி.யின் வாழ்க்கை

ஆய்வுச் சுருக்கம்

வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படங்களின் மெய்ம்மையை மதிப்பிடுவோர் பெரும்பாலும் நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து ‘நடந்தது’, ‘நடக்காதது’ எனப் பிரித்துக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். பி.ஆர். பந்துலு இயக்கிய ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) அத்தகைய சோதனையில் பெரிதும் தேறிவிடும். எனினும் அப்படம் காட்டும் வாழ்க்கையின் அளவும் வடிவமும் வ.உ. சிதம்பரனார் வாழ்ந்த வாழ்க்கையின் அளவோடும் வடிவத்தோடும் பொருந்துவதில்லை. இப்பொருத்தமின்மை எங்கிருந்து வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டுக்காக ஞான ராஜசேகரனின் ‘பாரதி’ (2000) திரைப்படமும் சுருக்கமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வ.உ.சி., வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம், நாடக வழக்கு, இளம்பூரணர், தன்வரலாறு, பதிப்பு வரலாறு.

முன்னுரை

வ.உ.சி. என்றதும் தமிழர் மனத்தில் எழும் உருவம் பெரும்பாலும் சிவாஜி கணேசனின் உருவமே. அதுபோலவே சுப்பிரமணிய சிவாவுக்கு டி.கே. சண்முகமும், ஒரு தலைமுறைக்குப் பாரதிக்கு எஸ்.வி. சுப்பையாவும் முகம் தந்துள்ளனர். வரலாற்று மாந்தரின் ஒளிப்படங்கள் அருகியிருந்த சூழலில் திரையுருவம் ஆவணத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பள்ளி மேடைகளில் வ.உ.சி. வேடமிடும் சிறுவர்கள் பேசும் தொனி திரையிலிருந்து பெற்றதே அன்றி, எழுத்தாவணங்களிலிருந்து பெற்றதன்று. எனவே இத்தகைய படங்களின் மெய்ம்மை பற்றிய வினா திரைத்திறனாய்வுக்கு மட்டும் உரியதன்று. வாழ்க்கை வரலாற்றிலக்கியத்தையும் பதிப்பு வரலாற்றையும் ஆராய்வோருக்கும் அது உரியது.

படைப்பாளிக்கு உரிமை உண்டு, ஆகவே மெய்ம்மை பற்றிய கேள்வியே பொருந்தாது என்பது ஒரு வாதம். ஓர் ஆண்டு பிறழ்ந்தாலும் வரலாற்றுத் திரிபு என்பது மற்றொரு வாதம். இவ்விரண்டும் ஆய்வுக்கு உதவா. திரையாக்கத்தில் எது மாறியது என்பதோடு, எந்த இடத்தில், எந்த மூலத்தின் வழியாக மாறியது என்பதையும் காண வேண்டும்.

இளம்பூரணர் தரும் கருவி

தொல்காப்பிய அகத்திணையியல் புலனெறி வழக்கத்தை நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டின்மேல் நிறுத்துகிறது. இளம்பூரணர் உரையின்படி, உலகியல் வழக்கு உலகத்தாரின் ஒழுகலாற்றோடு ஒத்துச் செல்வது. நாடக வழக்கோ சுவை பயக்கும் செய்திகளை ஓரிடத்தே நிகழ்ந்தனபோலக் கூட்டி உரைப்பது. இவ்விளக்கத்தில் நாடக வழக்கு பொய்யாக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. நிகழக்கூடியவை, நிகழ்ந்தவை ஆகியவற்றின் தொகுப்பு முறையே அங்கு வேறுபடுகிறது.

அகப்பொருளுக்குச் சொல்லப்பட்ட இவ்வரையறையை வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படத்துக்கு நீட்டுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டுதல் மரபன்று. வாழ்க்கை வரலாற்றுப் படமோ பெயர் சுட்டுவதனாலேயே பொருள் பெறுகிறது. அவ்வகையில் அது புறத்தின்பாற்பட்டது. பெயர் சுட்டப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை நாடக வழக்கால் தொகுக்கும்போது, தொகுப்பில் விடுபட்டவையும் அவர் பெயரின்மீதே விழுகின்றன. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால் இளம்பூரணரின் விளக்கம் நல்ல அளவுகோலாக அமையும். இவ்வுரையைப் பதிப்பித்தவர்களுள் ஒருவர் வ.உ.சி. என்பது தற்செயலே. ஆயினும் அச்செய்திக்கு இக்கட்டுரை மீண்டும் வர வேண்டியுள்ளது.

நிகழ்வுகளின் மெய்ம்மை

சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில் பதிவுசெய்யப்பட்டது. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஆக 10 இலட்சம் ரூபாய் மூலதனம் என்பது திட்டம். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி, அவர்களின் கோரிக்கைகள் ஏற்கப்பட்ட நிலையில் முடிந்தது. மார்ச் 12இல் வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி வெடித்தது. ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணூர்ச் சிறைகளில் இருந்தபின் 1912 டிசம்பர் 24இல் அவர் விடுதலையானார். இந்த எலும்புக்கூட்டைத் திரைப்படம் சிதைக்கவில்லை. கப்பல், வேலைநிறுத்தம், வழக்கு, செக்கு என வரிசையும் காரணகாரியமும் வரலாற்றை ஒட்டியே செல்கின்றன. அக்காலத் தமிழ்த் திரையுலகில் இது சிறிய செய்தியன்று.

நாடக வழக்கின் தொகுப்பு முறை வெளிப்படும் இடம் கப்பல் நிறுவனம் பற்றிய பகுதி. அந்நிறுவனத்தின் தலைவர் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே வள்ளல் அவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் தந்தார். இவர்களோடு வணிகர், வழக்கறிஞர், சிறு பங்குதாரர் எனப் பலர் சேர்ந்து நடத்திய கூட்டு முயற்சி அது. நாயகன் ஒருவனின் உள்ள உறுதியால் கடலில் இறங்கிய கப்பல் என்னும் உணர்வையே படம் பார்வையாளரிடம் விட்டுச்செல்கிறது. ‘கப்பலோட்டிய’ என்னும் பெயரெச்சம் ஒருமையில் முடிகிறது. பங்குப் பத்திரங்களுக்கு அதில் இடமில்லை.

இத்தலைப்பு திரைப்படத்தின் ஆக்கமன்று. ம.பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலின் தலைப்பு அது. படத்துக்கு அடிப்படையும் அந்நூலே. சிலம்புச்செல்வர் அந்நூலை எழுதிய காலத்தில் வ.உ.சி. மறக்கப்பட்டுவிடுவார் என்னும் கவலை இருந்தது. ஒரு பெயரை மக்கள் நாவில் நிறுத்த வேண்டியிருந்தது. அந்நோக்கத்தில் நூல் முழுவெற்றி பெற்றது. ஆனால் எழுபதாண்டுகூட நிறையாத ஒரு வாழ்வின் ஏறத்தாழ இரண்டாண்டு நிகழ்வு, அவ்வெற்றியின் விளைவாக, முழு வாழ்வுக்கும் பெயராயிற்று.

நூலுக்கும் முந்திய ஒரு படிநிலை உண்டு. நாடகமாக்கத்தைத் தொடங்கியவர் பாரதியே. கலெக்டர் விஞ்சு வ.உ.சி.யிடம் பேசுவதாகவும், அவர் மறுமொழி கூறுவதாகவும் அமைந்த இரு பாடல்கள் பாரதியின் தேசிய கீதங்களில் உள்ளன. ஆட்சியரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் எதிரெதிரே நின்று செய்யுளில் வழக்காடும் அவ்வமைப்பு உலகியல் வழக்கன்று. நண்பரும் சமகாலத்தவருமான ஒரு கவிஞர் நிகழ்வின் சூடு ஆறுமுன்பே அதை உரையாடற் காட்சியாக மாற்றிவிட்டார். ‘சுதந்திரப் பயிர்’ பாடலில் கற்றோர் செக்கடியில் வருந்தும் குறிப்பும் வருகிறது. ஆக, செக்கின் படிமம் மக்கள் மனத்தில் பதிவதற்குத் திரைக்கு முன்பே கவிதை வழிசெய்துவிட்டது. திரைப்படம் பாரதியின் பாடல்களையே தன் இசைக்குப் பயன்படுத்தியதால், அதன் பார்வையும் பெருமளவு பாரதியின் பார்வையாகவே அமைந்தது எனலாம்.

கண்ணம்மாவும் மாடசாமியும்

படத்தின் வெளிப்படையான புனைவு மாடசாமி – கண்ணம்மா காதல். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ஏற்ற இப்பாத்திரங்களுக்காகப் பாரதியின் ‘கண்ணம்மாவின் காதல்’ பாடல் இருகுரலிசையாக அமைக்கப்பட்டது. படத்தின் பிற பகுதிகளை மறந்தவர்கள்கூட இப்பாடலை மறந்திலர். மெய்ம்மைத் தணிக்கையாளர் முதலில் கைவைக்கும் இடமும் இதுவே.

ஆனால் காதல் ஏன் மாடசாமிக்குத் தரப்பட்டது என்னும் வினா கூடுதல் பயன் தருவது. ஒட்டப்பிடாரம் மாடசாமி கற்பனை மாந்தரல்லர். ஆஷ் கொலைச் சதியில் தொடர்புடையவராகத் தேடப்பட்டுத் தலைமறைவானவர், பிடிபடாதவர். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட நிகழ்வின் ஆவணங்களில் அவர் பெயர் உண்டு. அதன்பின் அவர் வாழ்க்கை பற்றிய சான்றுகள் மங்கிப்போகின்றன. வ.உ.சி.யின் குடும்ப வாழ்வு அவர் தன்வரலாற்றாலும் குடும்பத்தார் நினைவாலும் காக்கப்பட்டிருந்தது. அங்கே புனைவு புக இடமில்லை. மாடசாமியிடம் அத்தகைய காவல் இல்லை. ஆவணம் மௌனமான இடத்தில் புனைவு தங்கியது. வரலாற்றுப் புதினத்துக்கும் இது பொது நியதி என்பதைக் கல்கியின் வாசகர் அறிவர்.

அத்துடன், இக்காதல் பார்வையாளரை ஏமாற்றுவதன்று. பாட்டும் காட்சியும் தம்மைப் புனைவென்றே அறிவித்துக்கொள்கின்றன. எவரும் கண்ணம்மாவின் ஊரைத் தேடிச் சென்றதில்லை. வெளிப்படையான புனைவைக் காட்டிலும், உண்மைச் செய்திகளின் அளவு மாறுவதே வரலாற்றறிவுக்கு மிகுந்த ஊறு செய்கிறது. இதற்குத் தெளிவான சான்று வேறொரு படத்தில் கிடைக்கிறது.

‘பாரதி’ படமும் யானையும்

ஞான ராஜசேகரனின் ‘பாரதி’ பாரதியின் இறுதி ஊர்வலத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்வது. சாயாஜி ஷிண்டே பாரதியாகவும் தேவயானி செல்லம்மாளாகவும் நடித்தனர். சாட்சிகளைப் பொறுத்தவரை இப்படத்தின் இயக்குநர் நல்ல நிலையில் இருந்தார். செல்லம்மாள், மகள் சகுந்தலா, வ.ரா., யதுகிரி அம்மாள் எனப் பாரதியோடு பழகியோர் எழுதிய நினைவு நூல்கள் பல. ஆவணப் பஞ்சம் இல்லை.

திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானை பாரதியைத் தள்ளியது உண்மை. குவளைக் கண்ணன் அவரைக் காத்ததும் உண்மை. ஆயின் பாரதி அதிலிருந்து மீண்டார். சுதேசமித்திரன் பணிக்குத் திரும்பினார். ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்துக்குச் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருளில் உரையாற்றினார். 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து அவர் உயிர் பிரிந்ததற்குக் காரணம் வயிற்றுக்கடுப்பு நோய். மறைந்த நாள் 11ஆ 12ஆ என்னும் விவாதத்தின் வேரும் அந்த நள்ளிரவே.

யானை, மரணம் என்னும் இரண்டும் மெய். அவற்றைத் திரைக்கதையின் இறுதிப் பகுதியில் அடுத்தடுத்து வைக்கும்போது, இடையிலிருந்த பணியும் பயணமும் உரையும் சுருங்கிப்போகின்றன; அடுத்தடுத்து வைத்ததே காரணகாரியமாகத் தோன்றத் தொடங்குகிறது. யானை மிதித்துப் பாரதி இறந்தார் எனக் கூறுவோர் இன்றும் உளர். அந்நம்பிக்கை படத்துக்கு முந்தியது. படம் அதைச் சொல்லவுமில்லை. ஆனால் ஓரிடத்தே நிகழ்ந்தனபோலக் கூட்டும் நாடக வழக்கு அந்நம்பிக்கையைக் கலைக்கவும் இயலாது. கருங்கல்பாளையம் இருந்தால்தான் அது கலையும்.

1912க்குப் பிறகு

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5இல் பிறந்து 1936 நவம்பர் 18இல் மறைந்தார். சிறைக்குப் பின் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 24 ஆண்டுகள். சுதேசிக் கப்பல் முயற்சி தொடங்கியது முதல் விடுதலை வரையிலான காலம் அதில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே. திரைப்படத்தில் இவ்விகிதம் தலைகீழாகிறது. விடுதலைக்குப் பிந்தைய காலம் இறுதிச் சில காட்சிகளில் அடங்கிவிடுகிறது. அங்கும் காட்டப்படுவன வறுமை, புறக்கணிப்பு, நோயுற்ற சிவாவின் சந்திப்பு ஆகியவையே. நடிப்பின் உச்சத்தைத் தொட்ட காட்சிகள் இவை என்பதில் ஐயமில்லை. சிவா தொழுநோயுற்றதும், வ.உ.சி. வறுமையுற்றதும், வழக்கறிஞர் உரிமம் இழந்ததும் ஆவணங்களால் உறுதிப்படுவன.

மூலங்களின் இயல்பும் இதற்குத் துணைபோயிற்று. வ.உ.சி. தம் வரலாற்றை ஆசிரியப்பாவில் எழுதினார். அதன் பெரும்பகுதி கப்பல் முயற்சி, வழக்கு, சிறை ஆகியவற்றைப் பற்றியது. தன்வரலாறு எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே பிறர் எழுதும் வரலாறும் அடர்த்தி பெறுகிறது. அங்கேயே திரையும் ஒளி பாய்ச்சுகிறது. தம் வாழ்வின் எப்பகுதியைச் செய்யுளாக்க வேண்டும் என்று அவர் செய்த தேர்வு, அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரு திரைக்கதையின் அளவைத் தீர்மானித்தது.

‘முற்றிலும் மறக்கப்பட்டவர்’ என்னும் சித்திரத்தில் இரு திருத்தங்கள் தேவை. முதலாவது, தென்னாப்பிரிக்கத் தமிழர் வ.உ.சி.க்காகப் பணம் திரட்டிக் காந்தியிடம் அளித்திருந்தனர். அப்பணம் குறித்து 1915இல் வ.உ.சி.க்கும் காந்திக்கும் இடையே கடிதங்கள் நடந்தன. காலந்தாழ்ந்து, 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி இச்செய்தியைத் தனி நூலாகவே ஆராய்ந்துள்ளார். சென்னையில் அரிசிக்கும் பருப்புக்கும் கணக்குப் பார்த்த ஒரு குடும்பத் தலைவர், தமக்குரிய தொகையைத் தன்மானம் குன்றாமல் கேட்டெழுதும் அக்கடிதங்களில் தெரியும் மனிதர், திரையில் கண்ணீரோடு நிற்கும் மனிதரைவிட நெருக்கமானவர். கடல் கடந்த ஒப்பந்தக் கூலித் தமிழரும் சிறுவணிகரும் அவரை மறக்கவில்லை என்பதும் அவற்றால் தெரிகிறது. இரண்டாவது, இழந்த உரிமத்தை மீளப் பெறத் துணைநின்றவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. நன்றியறிதலாக வ.உ.சி. தம் மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். வெள்ளையர் – சுதேசியர் என்னும் இருமுனை அமைப்பில் இயங்கும் 1961ஆம் ஆண்டுத் திரைக்கதையில் இப்பெயரிடல் எளிதில் பொருந்தாது.

இனித் தமிழ்த்துறைகள் நேரடியாகக் கருத்தில் கொள்ள வேண்டிய பகுதி. ஜேம்ஸ் ஆலனின் நூல்களை ‘மனம் போல வாழ்வு’, ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ எனத் தமிழாக்கியவர் வ.உ.சி. ‘மெய்யறம்’, ‘மெய்யறிவு’ என்னும் அறநூல்களை இயற்றியவரும் அவரே. 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் ‘இன்னிலை’யைத் தம் உரையுடன் வெளியிட்டார். பதினெண்கீழ்க்கணக்கில் அந்நூலுக்குரிய இடம் பின்னர் அறிஞரால் மறுக்கப்பட்டது, பதிப்பாசிரியராக வ.உ.சி. ஏமாந்த இடம் அது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், பொருளதிகாரத்தில் ச. வையாபுரிப்பிள்ளை அவரோடு இணைந்து பணியாற்றினார். திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தாமும் ஓர் உரை கண்டார்.

மறைவுக்கு முந்தைய ஆண்டுகள் வரை தொடர்ந்த இவ்வுழைப்பு ஓய்வுகாலப் பொழுதுபோக்கன்று. சுவடி ஒப்பிடுதலும் அச்சுப்படி திருத்துதலும் கடனுக்கிடையே நடந்தன. செக்கிழுத்தவர், பதிப்பித்தவர் என இருவேறு மனிதர்களாக அவரைப் பிரித்து, முன்னவரை அரசியல் வரலாற்றுக்கும் பின்னவரை நூற்பட்டியலின் ஒரு வரிக்கும் ஒதுக்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. முதுகலை மாணவர் பலர் இளம்பூரணத்தின் பதிப்பாசிரியர் பெயரை வாசித்தும், அவர் கப்பல் சிதம்பரனாரே என உணர்வதில்லை. சுவடி ஒப்பிடும் மனிதரைத் திரையில் காட்டுதல் கடினம் என்பது உண்மையே. ‘பாரதி’யில் கவிதை எழுதும் செயலுக்கு இசை உதவியது, பாடவேறுபாடு குறிக்கும் செயலுக்கு அத்தகைய துணை இல்லை. ஆனால் இக்கடினம் காட்சிக் கலைக்கு உரியது. பாடநூல்களும் நினைவு மலர்களும் இலக்கிய வரலாறுகளும் திரையின் விகிதத்தையே பின்பற்றுவதற்கு அது காரணமாகாது.

இவ்விடத்தில் அறியாமையையும் விடுபாட்டையும் வேறுபடுத்தல் வேண்டும். காந்தியோடு நடந்த கடிதப் போக்குவரத்து விரிவான ஆய்வுக்கு வந்தது அண்மைக் காலத்திலேயே. அதைக் காட்டவில்லை என 1961ஆம் ஆண்டுப் படத்தைக் குறைகூற இயலாது. இளம்பூரணப் பதிப்புகளோ, மணக்குடவர் உரையோ, ‘மெய்யற’மோ அத்தகையன அல்ல. படப்பிடிப்பு நடந்த ஆண்டுகளில் அவை தமிழ்ப் புலவரின் மேசைகள்மீதும் கல்லூரி நூலகங்களிலும் இருந்தன; அட்டையில் அவர் பெயரும் இருந்தது.